எஞ்சினுக்கு மூச்சுக் கூட்டிய தனக்கோடி

தனக்கோடியின் கையில் ஒரு பொருளைக் கொடுத்தால் அது கொடுத்தபடி திரும்பி வராது. கருவேப்பிலங்குறிச்சியில் இருந்த காலத்தில் மாமனாரின் சைக்கிளை வாங்கி, பின்சக்கரத்துப் பல்லை மாற்றிப் போட்டு, ஒரு மிதிக்கு இரண்டு மிதி தூரம் போகும்படி செய்து கொடுத்தான். சமதரையில் வண்டி பறந்தது. மேடு வந்தால் நின்றுவிட்டது. மாமனாரின் வீடோ ஏரிக்கரை மேட்டில் இருந்தது. மருமகன் செய்த உபகாரத்தால் அவர் அன்று முதல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வீடு சேர்ந்தார். மகள் பாஞ்சாலையை இவனுக்குக் கட்டிக் கொடுத்தது பற்றி அவர் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. சைக்கிளைப் பற்றி மட்டும் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

எஞ்சின் விஷயத்தில் அவனை அப்படிக் குறை சொல்ல முடியாது. கிணற்றுக்குக் கிணறு ஆயில் எஞ்சின் வந்து இறங்கிய அறுபதுகளின் தொடக்கத்தில், மல்லாட்டை விளையும் கொல்லைகளில் கிடந்து அவற்றைப் பிரித்துப் பூட்டியே தொழில் கற்றவன். ஓடும் எஞ்சின்மேல் திருப்புளியின் நுனியை ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டு, உள்ளே எது தேய்கிறது என்று சொல்லிவிடுவான். பெரும்பாலும் சரியாக இருக்கும். தப்பிப்போனால், ஓட்டியவன் லட்சணம் சரியில்லை என்று பழியை அங்கே தள்ளிவிடுவான்.

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் புகைபோக்கி எழுப்பிய சமயத்தில் அவனும் பாஞ்சாலையும் அங்கே வந்து சுப்புராயன் கம்பெனியில் சேர்ந்தார்கள். ரயில்வே ஜங்ஷனுக்குப் பின்பக்கம், செம்மண் ரோட்டை ஒட்டிய கம்பெனி. ஃபியூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி, கொலு பொம்மை என்று கலந்துகட்டிச் செய்தார்கள். எல்லாவற்றுக்கும் முதலில் வேண்டியது வெள்ளைக்கல் மாவு. லாரியில் வந்து இறங்கும் கல்லை உடைத்து, பெரிய இரும்பு உருளைக்குள் கூழாங்கல்லோடு போட்டுச் சுற்றவிட்டால் மாவாகிவிடும். கூழாங்கல் பந்து மாதிரி உருண்டு அரைப்பதால் பால் மில் என்று அதற்குப் பெயர். அதைப் பார்த்துக்கொண்டவன் அர்ச்சுனன். மில்லைச் சுற்றுவது கரண்ட். கரண்ட் போய்விட்டால் தனக்கோடியின் ஆயில் எஞ்சின். மில்லிலிருந்து விழும் மாவைப் பக்கத்துக் கொட்டகையில் பெண்கள் உட்கார்ந்து சலித்தார்கள். பாஞ்சாலைக்கு அங்கே வேலை.

அவளைப் போலச் சலிக்க இன்னொரு ஆள் அந்தக் கம்பெனியில் இல்லை. சல்லடையை ஒரு தட்டுத் தட்டி, அரை வட்டம் சுற்றி, மறுபடியும் ஒரு தட்டு. திப்பி ஒன்று கீழே விழாது. சாயங்காலம் தலைமுடி, புருவம், இமை எல்லாம் வெளுத்து, நாடகத்தில் கிழவி வேஷம் போட்டவள் மாதிரி வெளியே வருவாள். எல்லாப் பெண்களும் அப்படித்தான் வருவார்கள். குழாயடியில் முந்தானையை உதறிக்கொண்டு ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டே வீட்டுக்குப் போவார்கள். சனிக்கிழமை சாயங்காலம் முதலாளி ஆளுக்கு ஒரு கட்டி வெல்லம் கொடுப்பார். வெல்லம் தின்றால் தொண்டையில் தங்கிய மாவு வயிற்றில் இறங்கிப் போய்விடும் என்று எல்லாரும் நம்பினார்கள். அத்தோடு அந்தக் கணக்கு தீர்ந்தது.

பாஞ்சாலைக்கு இருமல் வந்தபோது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பனி என்றார்கள். பிறகு கணச்சூடு என்றார்கள். ஆஸ்பத்திரியில் சளியைச் சோதித்து, டி.பி. இல்லை என்று சொல்லி, ஈசனோபீலியாவாக இருக்கலாம் என்று மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை தின்றால் வாய் கசந்தது, இருமல் அப்படியே இருந்தது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனையில் நின்று மூச்சு வாங்கிவிட்டு வர ஆரம்பித்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தபடியே தூங்கினாள். அதைப் பார்த்த பிறகுதான் தனக்கோடிக்குப் பயம் வந்தது.

அவனாக ஒரு முடிவுக்கு வந்தான். மாவுச் சட்டியைத் தூக்குவதும் நாள் முழுவதும் குனிந்திருப்பதும் அவள் நெஞ்சுக்கு ஆகவில்லை. நோகாத வேலைக்கு மாற்றிவிட்டால் சரியாகிவிடும். கம்பெனியின் முன்பக்கம் ஜன்னல் வைத்த அறை ஒன்று இருந்தது. பிரஷ் ரூம் என்பார்கள். கொலு பொம்மைக்குக் கண், மீசை, உதடு எழுதும் வேலை. காற்றோட்டமான இடம், பெஞ்சில் உட்கார்ந்து செய்யலாம். அவளை எப்படியாவது அங்கே சேர்த்துவிட வேண்டும் என்று இரண்டு தடவை முதலாளியிடம் போய் நின்றான். சுப்புராயன் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் பாஞ்சாலையின் கையை விட்டுவிட அவருக்கு மனசு வரவில்லை. மீசை எழுத யாரையும் பழக்கலாம், இவ்வளவு நைசாகச் சலிக்க யாரைப் பழக்குவது என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார்.

எழுபத்து மூன்றாம் வருஷம் கரண்ட் வெட்டு வந்தது. எப்போதாவது ஓடிய எஞ்சின் இப்போது பொழுது விடிந்ததிலிருந்து அடைகிற வரைக்கும் ஓட வேண்டியிருந்தது. எட்டுக் குதிரை எஞ்சின். மில்லில் பாதிக் கல் போட்டால் சுற்றியது, முழுக்கப் போட்டால் கறுப்பாகப் புகையைக் கக்கிக்கொண்டு நின்றது. முதலாளி பெரிய எஞ்சினுக்கு எழுதிப் போட்டார். எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இதுதான் சமயம் என்று தனக்கோடி மூன்றாவது தடவையாகப் போய் நின்றான்.

“புது எஞ்சினு வேணாங்க மொதலாளி. இதுக்கே தெம்பு இருக்குது, மூச்சுதான் பத்தல,” என்றான். “அடுப்புல வெறக மட்டும் திணிச்சா பொகையுமுங்க. ஊதுனாதான எரியும்? காத்த நாம உள்ள தள்ளிவுட்டா முழு மில்லையும் இழுத்துடும்.”

சுப்புராயனுக்கு அடுப்பு புரிந்தது. அதற்கு என்ன கேட்கிறாய் என்றார். கூலியாக எதுவும் வேண்டாம், பாஞ்சாலையைப் பிரஷ் ரூமுக்கு மாற்றினால் போதும் என்றான். அவர், பொங்கல் வரைக்கும் எஞ்சின் நிற்காமல் ஓடட்டும், தை பிறந்ததும் அனுப்பிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். அன்று வீட்டுக்குப் போகும்போது அவன் சீட்டியடித்துக்கொண்டு போனான்.

காற்றைத் தள்ள ஒரு கருவி வேண்டும். சூளைக்கு ஊதும் காற்றாடியைப் பூட்டிப் பார்த்தான். அது வெறுமனே விசிறியதே தவிர அழுத்தவில்லை. கம்மாபுரத்தில் ராஜாங்கம் என்று ஒரு பழைய இரும்புக்காரர் இருந்தார். நிலக்கரிச் சுரங்கத்துப் பக்கம் ஏலத்தில் விடும் மண்வாரி வண்டிகளை வாங்கி உடைத்துப் போடுபவர். அவர் குவியலில் தனக்கோடி தேடியது கிடைத்தது. ஒரு இரும்புப் பெட்டி. உள்ளே முறுக்கிய இதழ்கள் வைத்த இரண்டு உருளைகள். ஒன்றின் இதழுக்குள் இன்னொன்றின் இதழ் நுழைந்து வரும், ஆனால் மயிரிழை இடைவெளியில் ஒன்றையொன்று தொடாமல் சுற்றும். ஒரு பக்கம் காற்றை வாரி மறுபக்கம் அமுக்கித் தள்ளும். புளோயர் என்றார் ராஜாங்கம். அதைச் சாக்கில் கட்டிப் பஸ்ஸில் ஏற்றியபோது கண்டக்டர், உள்ளே ஆடா மாடா என்று கேட்டார். ஆடுதான், அதிகம் மூச்சு விடும், பார்த்துக்கொள்ளுங்கள் என்றான் தனக்கோடி.

அவசரக் குடுக்கையாகப் புளோயரை அப்படியே பெல்ட் போட்டுப் பூட்டி ஓட்டினான். அரை நாழிகைகூட ஓடவில்லை. எஞ்சின் தலைக்கும் உடம்புக்கும் நடுவே இருந்த கேஸ்கட் வெடித்து, சத்தம் ஜங்ஷன் வரைக்கும் கேட்டது. சலிக்கும் பெண்கள் சல்லடையைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினார்கள். தனக்கோடி அசடு வழிய நின்றான். மூச்சை மட்டும் கூட்டிவிட்டு, அதைத் தாங்கும் உடம்பைக் கொடுக்காமல் விட்டது தன் தப்பு என்று அவனுக்கே தெரிந்தது.

அப்புறம் ஒழுங்காக வேலை செய்தான். தலையை இறுக்கிப் பிடிக்கும் ஸ்டட்டுகளைக் கழற்றிவிட்டு, லாரி ஆக்சிலில் கடைந்த தடித்த ஸ்டட்டுகளைப் போட்டான். காற்று ஏற்கெனவே அமுங்கி வருவதால் உள்ளே மேலும் நெருக்கினால் தாங்காது என்று பிஸ்டன் தலையைக் கொஞ்சம் சீவி எடுத்தான். எஞ்சின் விட்டு விட்டு மூச்சு இழுக்கும், புளோயரோ விடாமல் தள்ளும். இரண்டுக்கும் நடுவே காற்றுத் தங்க ஒரு டிரம் வைத்து வெல்டிங் வைத்தான். சூடு கூடும் என்று தண்ணீர்த் தொட்டியைப் பெரிதாகக் கட்டினான். எஞ்சின் குதிக்காமல் இருக்க அடியில் கான்கிரீட்டைத் தோண்டி மறுபடியும் போட்டான். கேஸ்கட்டுக்கு மட்டும் செம்புத் தகடு கிடைக்கவில்லை. பாஞ்சாலை வீட்டில் இருந்த தன் சீர்ச் செம்புத் தவலையைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தாள்.

“அடிய வெட்டி எடுத்துக்கய்யா. தண்ணி புடிக்க மண்பானை இருக்குது,” என்றாள்.

அவன் வேண்டாம் என்று ஒப்புக்குச் சொன்னான். அவள் போய்விட்டாள். தவலையின் அடியை வெட்டி, சூளையில் வைத்துச் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் போட்டு இளக்கி, வட்டமாக நறுக்கிப் பொருத்தினான். வாய் மட்டும் மிஞ்சிய தவலை கொஞ்ச நாள் அவர்கள் வீட்டு வாசலில் துளசிக்கு வேலியாக இருந்தது.

கடைசியாக ஒரு விஷயம் பாக்கி. புளோயர் காற்றை எங்கிருந்து இழுப்பது? எஞ்சினோடு வந்த வடிகட்டி சின்னது. அதை வைத்தால் புளோயர் மூச்சுத் திணறியது. கழற்றி எறிந்துவிட்டு ஒரு கொசுவலைக் கம்பியை மட்டும் வாயில் கட்டினான். அப்படியானால் காற்று சுத்தமாக இருக்கும் இடமாகப் பார்த்து வாயைத் திருப்ப வேண்டும். தூசி எஞ்சினுக்கு விஷம் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. வெளியே செம்மண் ரோடு. லாரி போனால் மரத்து இலையெல்லாம் சிவக்கும். உள்ளே சலிப்புக் கொட்டகை. எதற்கும் பார்த்துவிடலாம் என்று வெளுத்த வேட்டித் துணியில் இரண்டு துண்டு கிழித்து, நனைத்து, ஒன்றை ரோட்டுப் பக்கமும் மற்றொன்றைக் கொட்டகைக்குள்ளும் கட்டித் தொங்கவிட்டான். மறுநாள் போய்ப் பார்த்தான். ரோட்டுத் துணி காவி கட்டியிருந்தது. கொட்டகைத் துணி வெள்ளை வெளேரென்று, தொங்கவிட்டபோது இருந்ததைவிடப் பளிச்சென்று இருந்தது.

அவன் சந்தேகமே படவில்லை. முதலாளி பார்த்தார், அர்ச்சுனன் பார்த்தான், சலிக்கும் பெண்கள் பார்த்தார்கள். யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. அந்த ஊரில் தூசி என்றால் சிவப்பு. சுவரும் தரையும் சட்டையும் சோற்றுத் தூக்கும் வெளுத்தே கிடக்கும் இடத்தில் வெளுப்பை யார் அழுக்கென்று நினைப்பார்கள்? புளோயரின் வாயைக் கொட்டகைப் பக்கமாகத் திருப்பிப் பூட்டிவிட்டான்.

எஞ்சின் ஓடியது. ஓடியது என்று சொன்னால் போதாது. முழு மில்லையும் அலுங்காமல் இழுத்துக்கொண்டு, புகையில்லாமல், தடதடவென்று ஒரே தாளத்தில் ஓடியது. மற்ற கம்பெனிக்காரர்கள் வந்து வேடிக்கை பார்த்தார்கள். இது எத்தனைக் குதிரை என்று கேட்டவர்களிடம், எட்டில் கட்டி பன்னிரண்டில் அவிழ்த்துவிட்டிருக்கிறேன் என்று தனக்கோடி அளந்தான். முதலாளி பெரிய எஞ்சினுக்கு எழுதியதை ரத்து செய்தார். மாவு முன்னைவிட இரண்டு மடங்கு வந்து விழுந்தது. அதைச் சலிக்கப் பெண்களுக்கும் வேலை இரண்டு மடங்காயிற்று. பாஞ்சாலை இருட்டிய பிறகுதான் வீடு திரும்பினாள். ராத்திரி அவள் இருமும்போதெல்லாம், தை பிறக்கட்டும், தை பிறக்கட்டும் என்று அவன் சொல்லுவான். அவளும் தலையை ஆட்டுவாள். பொம்மைக்குக் கண் எழுத வேண்டுமென்று ஈர்க்குச்சியில் பஞ்சு சுற்றி வீட்டுச் சுவரில் எழுதிப் பழகிக்கொண்டிருந்தாள். ஒரு கண் பெரிதாகவும் ஒரு கண் சின்னதாகவும் சுவர் நிறைய முகங்கள் இருந்தன.

மார்கழியில் எஞ்சின் இளைத்தது. காலையில் கிளம்ப அடம் பிடித்தது. நீலமாகப் புகைந்தது. ஊற்றிய ஆயில் எங்கே போகிறது என்றே தெரியவில்லை. தனக்கோடி திருப்புளியைக் காதில் வைத்துக் கேட்டான். ஸ்டட் அசையவில்லை, கேஸ்கட் கசியவில்லை, பேரிங் சத்தமில்லை. அவன் பயந்த இடமெல்லாம் கல்லு மாதிரி இருந்தது. உள்ளே மட்டும் அம்மியில் அரைப்பது போல ஒரு கரகரப்பு. பொங்கலுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது மில் நின்றது, எஞ்சின் அதற்குப் பிறகு கிளம்பவில்லை.

திறந்து பார்த்தான். பிஸ்டன் ஓடும் லைனர், உள்பக்கம் விரலால் தடவினால் தெரியும்படி குழிந்திருந்தது. பிஸ்டன் ரிங்குகள் பிளேடு போல மெலிந்திருந்தன. இரண்டு மாசம்கூட ஆகவில்லை. பத்து வருஷம் ஓடிய எஞ்சினில்கூட அவன் அப்படிப் பார்த்ததில்லை. ஆயில் பசை மாதிரி இருந்தது. ஒரு பீங்கான் தட்டில் அதைக் கொஞ்சம் வழித்து, மண்ணெண்ணெய் ஊற்றிக் கலக்கி, தெளியவிட்டான். கறுப்பெல்லாம் மேலே மிதந்தது. தட்டைச் சாய்த்து வடித்தபோது அடியில் வெள்ளையாக மாவு படிந்திருந்தது.

அர்ச்சுனன் எட்டிப் பார்த்து, எஞ்சினுக்கு மட்டும் சனிக்கிழமை வெல்லம் கொடுக்க மறந்துவிட்டோம் என்றான். நல்ல கேலிதான், வேறொரு சமயமாக இருந்தால் தனக்கோடியும் சிரித்திருப்பான். அவன் அந்த மாவை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான். தினம் சாயங்காலம் பாஞ்சாலையின் முந்தானையிலிருந்து உதிர்வது, அவள் தலையணையில் இருப்பது, காலையில் அவள் காறித் துப்பும்போது வருவது. அந்தக் கொட்டகைக் காற்று சுத்தம் என்று துணி கட்டிப் பார்த்துச் சொன்னவனே அவன்தான். எஞ்சின் குடித்த காற்றும் அவள் குடித்த காற்றும் ஒன்று.

முதலாளி வந்து பார்த்தார். அவருக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது. லைனர் மாற்றலாம், ரிங் மாற்றலாம், கடலூருக்கு இன்றைக்கே ஆள் அனுப்பிப் பெரிய வடிகட்டியாக வாங்கிப் பூட்டிவிடலாம் என்று வேகமாகச் சொல்லிக்கொண்டே போனார். நின்ற நாளை எல்லாம் கணக்கில் எடுக்க மாட்டேன், தைக்குக் கொடுத்த வாக்கு வாக்குதான் என்றும் சொன்னார். தனக்கோடி எழுந்து நின்று, கொட்டகையில் இருக்கும் பொம்பளைகளுக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டான்.

“அவங்களுக்கு என்னாய்யா?” என்றார். “மனுசனுக்கு மூக்கு இருக்குது, மூக்குல மயிரு இருக்குது. ஆண்டவனே வடிகட்டி வெச்சிதான அனுப்பியிருக்கான்.”

அவர் அதை ஏளனமாகச் சொல்லவில்லை. மனசார நம்பித்தான் சொன்னார். தனக்கோடி மெலிந்த ரிங் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு சலிப்புக் கொட்டகைக்குள் போனான். மில் நின்றாலும் குவிந்து கிடந்த மாவைப் பெண்கள் சலித்துக்கொண்டுதான் இருந்தார்கள். பாஞ்சாலையிடம் போய், வேலையை விட்டுவிட்டு வா, இனிமேல் இங்கே வேண்டாம் என்றான். அவள் சல்லடையைத் தட்டுவதை நிறுத்தவில்லை.

“தைக்கு இன்னும் எத்தினி நாளு கெடக்குது? இப்ப வுட்டுட்டுப் போனா பிரஷ் ரூமும் இல்லாம போயிடும். நீ எஞ்சினப் போய்ப் பாரு.”

“எஞ்சினத் தொறந்து பாத்துட்டுதான் வரன்,” என்றான். ரிங்கை அவள் முன்னால் நீட்டினான். “இத பாரு. கெட்டி இரும்பு இது. நல்லா தடிப்பா இருந்த சாமானெல்லாம் இந்த மாவு தின்னுட்டு இப்பிடி ஆக்கி வெச்சிருக்குது.”

அவள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கட்டை விரலால் ஓரத்தைத் தடவினாள்.

“எத்தினி நாளு தாங்குச்சி?” என்று கேட்டாள்.

“ரெண்டு மாசங்கூட இல்ல.”

பாஞ்சாலையின் வெளுத்த முகத்தில் ஒரு பெருமை வந்தது. பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“இந்த ஊருக்கு வந்த நாள்லேருந்து நானு தாங்கிக்கிட்டு இருக்கன். இரும்பு எங்கிட்ட நிக்க முடியாது போலருக்குது.”

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, இருமல் நிற்காமல், அவள் சல்லடையின் மேலேயே கவிழ்ந்தாள். தனக்கோடி கீழே உட்கார்ந்து அவள் முதுகில் கையை வைத்தான். உள்ளங்கைக்குக் கீழே அந்தக் கரகரப்பு தெரிந்தது. அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை பெண்களுக்கு முன்னால் அழுதான். இருமல் அடங்கியதும் சல்லடையை அவள் மடியிலிருந்து எடுத்து அப்பால் வைத்துவிட்டு, அவளைக் கையைப் பிடித்து எழுப்பினான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், அவனோடு வெளியே நடந்தாள். அதற்குப் பிறகு தையைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.